அட்டைப்படத்தில் அச்சம் எங்கே?

வாளும் சூனியமும் கலந்த திகில் நாவல் ஒன்று வரப்போகிறது என்று பதிப்பகம் அறிவித்ததும் வாசகர் கண்ணுக்கு முதலில் கிடைப்பது அதன் அட்டைப்படம். கதை கைக்கு வந்து சேர இன்னும் பல மாதங்கள் இருக்கும். அதற்குள் அந்த ஒற்றை ஓவியத்தை வைத்தே நாவலை எடைபோடத் தொடங்கிவிடுகிறார்கள்: நாயகன் எப்படிப்பட்டவன், எதிரே நிற்பது எது, இரத்தம் எவ்வளவு சிந்தும், ஓவியர் யார். இதை வெறும் அவசரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. இந்த வகைக் கதைகள் அச்சேறத் தொடங்கிய நாளிலிருந்தே ஓவியமும் எழுத்தும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தபடிதான் வளர்ந்திருக்கின்றன. பல சமயம் ஓவியம் எழுத்தை வென்றிருக்கிறது. அந்த வெற்றியில் எழுத்து இழந்தது திகிலை. புதிய நாவல் ஒன்றுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் அதன் அட்டையில் நான் தேடுவதும் அதைத்தான்.

இந்த வகையின் தொடக்கமாக 1929 ஆகஸ்டு மாத 'வியர்ட் டேல்ஸ்' இதழைக் காட்டுவது வழக்கம். டெக்சாஸ் மாநிலத்தில் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்த ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதிய 'நிழல் ராஜ்ஜியம்' அதில் வெளிவந்தது. குல் என்ற காட்டுமிராண்டி ஒரு பழம்பெரும் நாட்டின் அரியணையைப் பிடித்திருக்கிறான். அவனுடைய அரண்மனையில் அமைச்சர் முகத்தோடும் காவலர் முகத்தோடும் நடமாடுகிறவர்களில் சிலர் உண்மையில் பாம்பு மனிதர்கள். மனித வாயால் மட்டுமே உச்சரிக்கக்கூடிய பழைய சொற்றொடர் ஒன்றைச் சொல்லச் சொன்னால்தான் அவர்களை இனம்காண முடியும். ஒரு கட்டத்தில் தன்னுடைய முகத்தையே அணிந்த ஒருவன் அரியணையில் அமர்ந்திருப்பதைக் குல் பார்க்கிறான். கதையில் வாள்வீச்சுக்குக் குறைவில்லை. ஆனாலும் படித்து முடித்தபின் மனத்தில் தங்குவது, பக்கத்தில் நிற்பவன் மனிதன்தானா என்ற ஐயம்தான்.

ஹோவர்டின் இன்னொரு காட்டுமிராண்டி நாயகனான கோனன் பிறந்த கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். விலைபோகாமல் கிடந்த குல் கதை ஒன்றை ஹோவர்ட் எடுத்துத் திருத்தி எழுதியதில் உருவானவன் கோனன். மூலக்கதையில் அரசனைக் கொல்லும் சதி இருந்தது, கோடரிச் சண்டை இருந்தது. அமானுஷ்யம் அறவே இல்லை. திருத்தும்போது ஒரு மந்திரவாதியையும், அவன் ஏவிவிடும் கொடிய ஜந்துவையும், என்றோ இறந்துபோன ஞானி ஒருவன் கனவில் வந்து அரசனின் வாளில் பொறித்துத் தரும் குறியையும் அவர் சேர்த்தார். அது 1932 டிசம்பர் இதழில் வெளிவந்தது. வெறும் சாகசமாக இருந்தது இந்த வகைக் கதையாக மாறியது திகில் நுழைந்த இடத்தில்தான். 'வியர்ட் டேல்ஸ்' அமானுஷ்யக் கதைகளுக்கென்றே 1923இல் தொடங்கப்பட்ட இதழ். 1930 முதல் தாம் இறக்கும்வரை திகில் எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டுடன் ஹோவர்ட் நீண்ட கடிதங்கள் எழுதிவந்தார். இருவருக்கும் பல விஷயங்களில் கருத்து மோதல். ஆனால் மனிதனுக்கு முன்பே இந்த உலகில் ஏதோ இருந்தது, அது இன்னும் சாகவில்லை என்ற கற்பனை இருவரின் கதைகளிலும் ஓடுகிறது. வாள் ஏந்தி வரும் கூட்டத்தைக் கண்டு சிரிக்கும் கோனன், கல்லறையின் வாசலில் மயிர்க்கூச்செறிய நிற்கிறான். அவனுக்கும் பயம் உண்டு. அந்தப் பயத்தோடு அவன் உள்ளே போகிறான் என்பதுதான் அவனை நம்பவைக்கிறது.

இனி அட்டைகளுக்கு வருவோம். 1930களில் 'வியர்ட் டேல்ஸ்' அட்டைகளைப் பெரும்பாலும் வரைந்தவர் சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் பிரண்டேஜ். 1932 முதல் 1945 வரை 66 அட்டைகள். எண்ணெய் வண்ணத்தைத் தொடாமல் பேஸ்டல் என்ற வண்ணக் குச்சிகளாலேயே வரைந்தார். ஓர் அட்டைக்கு 90 டாலர் கூலி. 'எம். பிரண்டேஜ்' என்று மட்டுமே கையொப்பமிட்டதால் அவர் பெண் என்பது வாசகர்களுக்குச் சில காலம் தெரியாது. 1933 ஜூன் இதழில் தொடங்கி கோனன் கதைகளுக்கும் அவர்தான் அட்டை வரைந்தார். ஆனால் அவற்றில் கோனனைத் தேடினால் ஏமாற்றம்தான். பல அட்டைகளில் அவன் இருக்கவே மாட்டான். இருந்தாலும் ஓரமாக, ஒல்லியாக நிற்பான். நடுவில் ஆடை குறைந்த ஒரு பெண், அவளைச் சூழும் ஆபத்து. பத்திரிகைக் கடைத் தட்டில் இதழை எடுக்கவைப்பது அதுதான் என்று ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் கண்டுகொண்டிருந்தார். தம் கதைக்கு அட்டை கிடைக்கவேண்டும் என்பதற்காகவே அப்படிப்பட்ட காட்சி ஒன்றைக் கதையில் நுழைத்துவைக்கும் எழுத்தாளர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

ஹோவர்ட் 1936 ஜூன் 11 அன்று தம் முப்பதாவது வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய கடைசி கோனன் கதையான 'சிவப்பு ஆணிகள்' அந்த ஆண்டு ஜூலை இதழிலிருந்து தொடராக வந்தது. அதற்கு பிரண்டேஜ் வரைந்த அட்டையில் பலிபீடத்தில் ஒரு பெண் கிடத்தப்பட்டிருக்கிறாள். கதையில் உள்ள காட்சிதான். ஆனால் கதையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. வானமே தெரியாமல் முழுக்கக் கூரை வேய்ந்த ஒரு நகரம். அதற்குள் அடைபட்ட இரண்டு குலங்கள், தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் கொன்று தீர்க்கின்றன. எதிரி ஒருவன் விழும்தோறும் கருங்காலித் தூணில் ஒரு சிவப்பு ஆணி அறையப்படுகிறது. அந்தத் தூணை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சில்லிடுகிறது. வெறுப்பை எண்ணிக் கணக்கு வைக்கும் ஒரு சமூகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தூண் அட்டையில் இல்லை.

பிரண்டேஜை இதற்காகக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. 1934 அக்டோபர் இதழில் சி. எல். மூர் எழுதிய கதைக்கு அவர் வரைந்த அட்டையைப் பாருங்கள். தன் கோட்டையைக் கைப்பற்றியவனைப் பழிவாங்க ஆயுதம் தேடி நிலவறைக்கும் கீழே ஒரு நரகத்துக்குள் இறங்குகிறாள் ஜிரெல் என்ற போர்வீராங்கனை. அங்கே கறுப்புக் கடவுளின் சிலையை முத்தமிடுகிறாள். அந்த முத்தம்தான் ஆயுதம். அதைச் சுமந்துகொண்டு மேலே வருவதுதான் தண்டனை. கவசம் பூண்ட ஜிரெல் அட்டையில் காணாமல்போய்விட்டாள் என்பது உண்மை. ஆனாலும் பிரண்டேஜ் எடுத்துக்கொண்டது கதையின் மையமான கணத்தை: உயிருள்ள உடல் கல்லைத் தழுவுகிறது. கவர்ச்சியும் திகிலும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்த அபூர்வமான அட்டை அது.

பிறகு முப்பது ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1950களில் ஒரு சிறு பதிப்பகம் கெட்டி அட்டையில் கோனன் தொகுதிகளை வெளியிட்டது, விற்பனை குறைவு. 1961இல் எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபர் இந்த வகைக்கு 'வாளும் சூனியமும்' (Sword and Sorcery) என்ற இன்றுள்ள பெயரைச் சூட்டினார். எல்லாவற்றையும் மாற்றிய ஆண்டு 1966. லேன்சர் புக்ஸ் என்ற நியூயார்க் பதிப்பகம் கோனன் கதைகளைப் பேப்பர்பேக்காகக் கொண்டுவந்தது. அட்டை வரைய ஃபிராங்க் ஃபிரஸெட்டாவை அமர்த்தியது.

புரூக்ளினில் பிறந்து, காமிக்ஸ் வரைந்து வளர்ந்த ஃபிரஸெட்டா முதல் தொகுதிக்குத் தீட்டிய ஓவியம் இன்று உலகம் முழுவதும் தெரிந்தது. பிணங்களும் சிதைவுகளும் குவிந்த மேட்டின் மீது ஒருவன் வாளை ஊன்றி நிற்கிறான். காலடியில் ஒரு பெண். பின்னால் செம்மஞ்சள் புகை. உற்றுப் பார்த்தால் அதற்குள் மண்டையோடுகள். ஓவியம் முழுவதும் ஒரு முக்கோணமாகக் கட்டப்பட்டிருக்கிறது. கண் எங்கே தொடங்கினாலும் அந்த முகத்தில் போய் முடியும். துல்லியமாக வரையவேண்டிய இடங்கள் எவை என்று அவருக்குத் தெரியும். மற்றதையெல்லாம் பழுப்பிலும் கருமையிலும் கரையவிட்டார். புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றன. பலர் அட்டைக்காகவே வாங்கினார்கள்.

அந்தக் கதைகளைத் தாம் படிக்கவில்லை என்றும், கோனனைத் தம் இஷ்டப்படியே வரைந்ததாகவும் ஃபிரஸெட்டா பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சுதந்திரத்தில்தான் அவருடைய வலிமையும் இருந்தது, இழப்பும் இருந்தது. ஹோவர்டின் கோனன் பெரிய உருவம் படைத்தவன்தான். ஆனால் எழுத்தில் அவனைப் பற்றி அடிக்கடி வருவது சிறுத்தையின் நடை, பூனையின் விரைவு. இளம் வயதில் அவன் சுவரேறும் திருடன். ஃபிரஸெட்டாவுக்குப் பிறகு அவன் மலைபோல் அசையாத தசைக் குவியல் ஆனான். 1982இல் வந்த திரைப்படமும் அந்த உடலைத்தான் எடுத்துக்கொண்டது. இன்று கோனன் என்றதும் நம் மனத்தில் எழுவது ஹோவர்டின் வரிகள் அல்ல, ஃபிரஸெட்டாவின் தோள்கள்.

ஓர் உதாரணத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். 'செந்நிறக் கோட்டை' என்ற கதை 1933 ஜனவரியில் வந்தது. தோற்றுப்போன அரசனாகக் கோனன் மந்திரவாதி ஒருவனின் நிலவறையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறான். இருளுக்குள்ளிருந்து ராட்சதப் பாம்பு ஒன்று வந்து அவன் மேல் தலையைத் தூக்கி நிற்கிறது. அதன் வாயிலிருந்து ஒரு துளி விஷம் அவன் தொடையில் சொட்டுகிறது. பழுக்கக் காய்ச்சிய கத்தி இறங்குவதுபோல் எரிகிறது. அவன் அசையவில்லை. ஒரு தசை துடிக்கவில்லை, ஓர் இமை அசையவில்லை. அசைந்தால் சாவு என்று அவனுக்குத் தெரியும். அந்தக் காட்சியின் திகில் முழுவதும் அந்த அசைவின்மையில் இருக்கிறது. உலகத்திலேயே வலிமையான உடல் அங்கே எதற்கும் பயன்படாமல் கிடக்கிறது. 1967இல் இந்தக் கதை இடம்பெற்ற தொகுதிக்கு ஃபிரஸெட்டா அதே நிலவறையையும் அதே பாம்பையும் வரைந்தார். அற்புதமான ஓவியம். ஆனால் அதில் உடல் முறுக்கேறிச் சங்கிலியோடு போராடுகிறது. கதை சொல்வது உடலின் தோல்வியை, ஓவியம் கொண்டாடுவது உடலை. இரண்டையும் ஒருசேர ரசிக்கலாம். ஆனால் அட்டையை மட்டும் பார்த்துப் புத்தகத்தைத் திறப்பவர் எதிர்பார்த்து வருவது வேறொரு கதையை.

ஃபிரஸெட்டாவுக்குத் திகில் வராது என்று இதற்குப் பொருளில்லை. 1973இல் அவர் தீட்டிய 'டெத் டீலர்' ஓவியத்தில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் வீரனின் முகம் தலைக்கவசத்தின் நிழலுக்குள் மறைந்துவிட்டது. உள்ளே இரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டும். உள்ளே இருப்பது மனிதனா, வேறெதுவுமா என்று சொல்ல முடியாது. குல் தன் அவையில் உணர்ந்த அதே ஐயம் இங்கே ஒரு நிழலில் கிடைத்துவிடுகிறது. கதைத் தொகுப்பு ஒன்றின் அட்டையாகப் பயன்பட்ட அந்த ஓவியத்தை வைத்து 1980களின் இறுதியிலிருந்து நான்கு நாவல்கள் எழுதப்பட்டன. ஓவியம் முன்னே, கதை பின்னே. கவசத்துக்குள் இருப்பவனுக்குப் பெயரும் வரலாறும் கொடுக்கவேண்டிய கட்டாயம் நாவலாசிரியருக்கு; அவை வந்ததும் அந்த நிழலின் பயம் குறையத்தான் செய்யும்.

இந்த வகையில் திகிலை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்தவர் என்று நான் கருதுவது கார்ல் எட்வர்ட் வாக்னரை. மனநல மருத்துவம் படித்தவர். பிறகு எழுத்துக்கு வந்து, ஆண்டுதோறும் வெளியான சிறந்த திகில் கதைத் தொகுப்பு ஒன்றை 1980 முதல் தாம் இறந்த 1994 வரை தொகுத்தவர். அவருடைய நாயகன் கேன், விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீனின் சாயலில் உருவானவன். செந்நிறத் தலைமுடி, இடதுகைப் பழக்கம், சாவில்லாத உடல். அவன் நீலக் கண்களைப் பார்க்கும் எவரும் எதிரே இருப்பவன் கொலைகாரன் என்று அறிந்துகொள்வார்கள். நல்லவனாக அவனைத் தேற்றிக்காட்ட வாக்னர் முயலவே இல்லை. 1976இல் வந்த 'இருண்ட சிலுவைப்போர்' நாவலில் ஒரு கொள்ளைக்காரன் பழைய தெய்வம் ஒன்றின் பிடியில் சிக்கித் தீர்க்கதரிசியாகிறான். அவன் பின்னால் திரளும் கூட்டம் நகரம் நகரமாக விழுங்குகிறது. சேராதவர்களுக்குச் சாவு. அந்தக் கூட்டத்துக்குக் குதிரைப்படை அமைத்துக்கொடுக்கும் தளபதியாகக் கேன் வந்து சேர்கிறான். மந்திரத்தைவிட மனிதத் திரள் இங்கே பயங்கரம்.

அந்த நாவலின் அட்டையும் ஃபிரஸெட்டாவுடையதே. ஆயுதம் ஏந்திய ஒற்றைப் போர்வீரன் இருளில் நிற்கிறான். கூட்டத்தின் பயங்கரத்தைப் பேசும் நாவலுக்குத் தனித்து நிற்கும் ஓர் உருவம். 1979இல் அமெரிக்க ராக் இசைக்குழு ஒன்று அதே ஓவியத்தைத் தன் இசைத்தட்டின் உறையில் போட்டுக்கொண்டது. அங்கேயும் அது பொருத்தமாகவே இருந்தது. 2023இல் அது ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது. எந்த நாவலுக்காக வரையப்பட்டதோ அது இன்று பழைய புத்தகங்களைத் தேடுவோருக்கு மட்டுமே தெரியும். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் இடையே வேறுவிதமான உறவும் நடந்திருக்கிறது. அதுவும் இதே வாக்னரிடம். 1940களில் 'வியர்ட் டேல்ஸ்' இதழுக்கு வரைந்த லீ பிரவுன் கோய், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நியூயார்க் மாநிலத்தின் காட்டுப்பகுதியில் கைவிடப்பட்ட பண்ணைவீடு ஒன்றைக் கண்டார். அதைச் சுற்றிலும் குச்சிகளை விசித்திரமாகக் கோத்துக் கட்டிய அமைப்புகள். ஏன், யார் என்று விளங்கவில்லை. அந்தக் குச்சிகள் பிறகு அவர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரத் தொடங்கின. அவர் வாயிலாக இதைக் கேட்ட வாக்னர் 1974இல் 'குச்சிகள்' என்ற சிறுகதையை எழுதினார். அமெரிக்கத் திகில் இலக்கியத்தின் சிறந்த கதைகளுள் அதற்கு இடம் உண்டு. வாள் இல்லாத கதைதான். ஆனாலும் ஓவியரின் அச்சம் எழுத்தாளரின் அச்சமாக மாறும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

இப்போது இந்த வகைக்கு மீண்டும் நல்ல காலம். 2022 முதல் டைட்டன் புக்ஸ் புதிய கோனன் நாவல்களை வெளியிட்டுவருகிறது. அவற்றுள் ஜான் சி. ஹாக்கிங் எழுதிய தொகுதி 2024இல் வந்தது. 1995இல் வெளியான அவருடைய நாவலோடு, வாசகர்கள் நெடுங்காலம் எதிர்பார்த்திருந்த அதன் தொடர்ச்சியும் அதில் சேர்ந்திருக்கிறது. சிறு பதிப்பகங்களும் சிற்றிதழ்களும் இந்தக் கதைகளைத் தேடிப் போடுகின்றன. திகிலின் அளவும் கூடியிருக்கிறது.

அட்டை உருவாகும் விதம்தான் மாறிவிட்டது. 1966இல் அட்டை, புத்தகமும் விற்ற அமெரிக்க மருந்துக்கடைகளின் சுழல்தட்டில் இருந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், புகைக்குள் இருக்கும் மண்டையோட்டைக் கண்டுபிடிக்கலாம். இன்று பெரும்பாலானவர்கள் அதை முதலில் பார்ப்பது கைபேசித் திரையில், நகக்கண் அளவில். அந்த அளவில் நிழலுக்குள் நிழல் எடுபடாது. பளிச்சென்ற ஒற்றை உருவமும் பெரிய எழுத்தும் மட்டுமே தெரியும். முன்பதிவுக்கும் விற்பனைப் பட்டியலுக்கும் அட்டை முன்கூட்டியே தேவைப்படுவதால், நாவல் திருத்தி முடியும் முன்பே ஓவியருக்கு ஒரு பக்கக் குறிப்பு போய்விடுவதும் உண்டு: நாயகனின் முடி நிறம், ஆயுதம், பின்னணியில் ஒரு கோபுரம். 2022 டிசம்பரில் அமெரிக்கப் பெரும்பதிப்பகம் ஒன்று, தன் அறிவியல் புனைகதை அட்டைக்கு வாங்கிய படம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டதாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டபோது வாசகர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் எனக்கும் பங்கு உண்டு. லட்சம் பழைய அட்டைகளின் சராசரியைக் கேட்டால் கிடைக்கப்போவது இன்னொரு தோள், இன்னொரு வாள். கருங்காலித் தூண் கிடைக்காது.

ஆகவே அடுத்த அட்டை வெளியிடப்படும்போது நான் முதலில் பார்க்கப்போவது வாள் பிடித்த கையை அல்ல. நாயகனின் கண் எங்கே பார்க்கிறது என்று பார்ப்பேன். நம்மைப் பார்த்தால் அது விளம்பரம். படத்துக்குள் இருக்கும் ஏதோ ஒன்றைப் பார்த்து, அதன் முழு உருவமும் நமக்குக் காட்டப்படவில்லை என்றால் நம்பிக்கை பிறக்கும். அடுத்து வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். விளக்கா, தீயா, அல்லது ஒளிவிடக்கூடாத ஒன்றா. கடைசியாக, அறிவிப்பில் ஓவியரின் பெயர் இருக்கிறதா, அவரிடம் நாவலின் முழுப் பிரதியும் கொடுக்கப்பட்டதா என்று தேடுவேன். படிக்காமலே வரைந்து வெல்ல ஃபிரஸெட்டாவால் முடிந்தது. அவருக்கு அடுத்து வந்தவர்களில் பலர் அவரை நகலெடுத்தார்களே தவிர, கதைக்குள் போகவில்லை. திகில் நாவல் ஒன்றின் ஓவியர் அதை இரவில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்திருந்தால், அந்தப் புத்தகத்தை நான் முன்பதிவு செய்வேன்.